சூப்புல ரெண்டு ஸ்பூன்

லாரி எடை போடற எடைமேடையில எனக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். சரக்கோட ஒரு எடை, இறக்கிட்டு வந்து காலி வண்டியா ஒரு எடை. கழிச்சா சரக்கு. அவ்வளவுதான் வேலை. ஆனா அதுக்குள்ள நடக்கற தில்லுமுல்லு கொஞ்சநஞ்சம் இல்ல. சரக்கோட எடை போடறப்ப சீட்டுக்கு அடியில தண்ணி கேன ஒளிச்சு வச்சிருந்தா கூட, வண்டி மேடை ஏறற விதத்துலயே கண்டுபிடிச்சிடுவேன்னு யார்டுல எனக்கு ஒரு பேரு உண்டு.

அப்பேர்ப்பட்ட நான் ஒரு பொண்ணோட ஒண்ணரை கிலோல மாட்டிக்கிட்டு முழிச்சேன். இன்னும் முழுசா தெளியல. நடந்தத நடந்தபடி எழுதறேன்.

பொண்ணு என் அண்ணன் மக. இருபத்திரண்டு வயசு. குஸ்தி போடறவ. அண்ணன் வீடு தூரம், பயிற்சிக்கூடம் எங்க வீட்டுலேர்ந்து அஞ்சு நிமிஷ நடை, அதனால நாலு வருஷமா எங்ககூட இருக்கா. வந்த முதல் வாரமே பிஸ்கட் டின்ன சுரண்டி காலி பண்ணினதால என் வீட்டுக்காரர் அவளுக்கு எலின்னு பேரு வச்சார். அதுவே நிலைச்சுப் போச்சு.

எலி எப்பவும் ஐம்பத்தேழு கிலோ பிரிவுல ஆடுவா. அந்தப் பிரிவுல இன்னொரு பொண்ணு இருக்கா, அவளுக்கு நாங்க வச்ச பேரு கிரேன். நாலு தடவ மோதி நாலு தடவயும் இவ தோத்தா. "தூக்கி ஓரமா வச்சிடறா அத்தை, கூரியர் பார்சல் மாதிரி"ன்னு வந்து சொல்லுவா. அதனால அவளோட மாஸ்டர், ஐம்பத்திமூணு கிலோ பிரிவுக்கு இறங்குன்னுட்டார். பத்து வாரத்துல செலக்‌ஷன். இருபத்திமூணு வயசுக்கு உட்பட்டவங்க அணிக்கானது, அடுத்த வருஷம் இவளுக்கு வயசு தாண்டிடும். இதான் கடைசி. அன்னைக்குக் காலைல ஏழுலேர்ந்து ஏழரைக்குள்ள தராசுல நிக்கணும். ஐம்பத்திமூணுக்கு மேல ஐம்பது கிராம் இருந்தாலும் பேர அடிச்சிடுவாங்க. கெஞ்சறது கொஞ்சறது எதுவும் எடுபடாது.

முதல் நாள் எடை ஐம்பத்தேழு புள்ளி நாலு.

எலியோட பிரச்சனை பசி. ரெண்டு வேளை பயிற்சி முடிச்சிட்டு வந்தா, என்ன இருந்தாலும் பத்தாது. மாஸ்டர்தான் சொல்லி அனுப்பினார், நார்ச்சத்த கூட்டுங்க, கீரை, பயறு, தோலோட பழம், அப்புறம் சாப்பாட்டுக்கு முன்னாடி அந்த இசப்கோல் உமிப் பவுடர் ஒரு ஸ்பூன், ரெண்டு டம்ளர் தண்ணியோட. வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும், தன்னால அளவு குறையும்னு.

பவுடருக்கு நாங்க அலையவே வேண்டாம். வீட்டுக்காரர் முப்பது வருஷமா அதுல தான் உயிர் வாழறார். மலச்சிக்கல் அவருக்குப் பரம்பரைச் சொத்து. பஸ் டிப்போல மெக்கானிக், எந்த இன்ஜின் அடைப்பையும் எடுத்துடுவார், அவர் அடைப்புக்கு மட்டும் இந்த டப்பா வேணும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மொய்க் கவர மறப்பார், டப்பாவ மறக்க மாட்டார்.

"எடுத்துக்கோ எலி, இது அமிர்தம்"னு பெருமையா அவளுக்கும் கலக்கிக் குடுத்தார்.

முதல் வாரமே வம்பு. வயித்துல ஒரே காத்து. பயிற்சியில கூட ஆடற பொண்ணு இவள இடுப்போட சேத்துத் தூக்கி இறுக்கியிருக்கா, இவளால அடக்க முடியல, சத்தம் கூடம் பூரா கேட்டிருக்கு. தூக்கினவ சிரிச்சு சிரிச்சு கைய விட்டுட்டா.

"பாயிண்ட் எனக்குத்தான் குடுத்தார் மாஸ்டர்" அப்படின்னா எலி, மூஞ்சி செவந்து போய்.

நான் சும்மா இருப்பேனா? கடைத்தெருவுல சப்ளிமென்ட் கடை ஒண்ணு இருக்கு, உள்ள சுவரே தெரியாது, வாளி வாளியா டப்பா. அந்த டப்பாக்காரர்கிட்ட போய் சொன்னேன்.

"அக்கா, ஃபைபர் ஏத்தினா செரிமானத்துக்கும் ஏத்தணும். இது என்சைம். இது நல்ல பாக்டீரியா, ஒரு மாத்திரைல ஆயிரம் கோடி."

"ஆயிரம் கோடியா? எண்ணினீங்களா?"

"அட்டைல போட்டிருக்கான் அக்கா."

ரெண்டையும் வாங்கிட்டு வந்தேன். மாஸ்டர் பாத்துட்டு என்னையே கூப்பிட்டு அனுப்பினார். சோதனைச்சாலைல பாத்த முத்திரை இல்லாத டப்பா எதையும் என் ஆளுங்களுக்குக் குடுக்காதீங்க, உள்ள தடை பண்ணின மருந்து ஏதாவது கலந்திருந்தா இவளோட ஆட்டம் அன்னைக்கே முடிஞ்சுதுன்னார். "அதோட, ஒரே நேரத்துல நாலு விஷயத்த மாத்தினா எது வேலை செய்யுதுன்னு எப்படிம்மா தெரியும்? பவுடர அரை ஸ்பூனாக்குங்க. வாரம் வாரம் கொஞ்சமா ஏத்துங்க."

அப்படியே பண்ணினோம். காத்து அடங்குச்சு. எடையும் இறங்குச்சு, ஐம்பத்தாறு, ஐம்பத்தஞ்சரை, ஐம்பத்தஞ்சு. ஒம்பதாவது வாரம் முடியறப்ப ஐம்பத்திநாலு புள்ளி மூணு. பவுடர் டப்பாவுக்கு மாலை போடறது தான் பாக்கி.

கடைசி வாரம், திங்கக்கிழமை சாயந்தரம், எலி ஒரு பேப்பரோட வந்தா.

"அத்தை, சனிக்கிழமை வரைக்கும் இதான் சாப்பாடு."

வாங்கிப் படிச்சேன். சாப்பிடலாம்: வெள்ளைச் சோறு, வெள்ளை ரொட்டி, தோல் சீவின உருளைக்கிழங்கு, முட்டை, மீன், கொஞ்சம் தயிர். கூடாது: கீரை, பயறு, பருப்பு, பழம், தவிடு, கொட்டை. கீழ ரெண்டு கோடு போட்டு, பவுடர் அறவே கூடாது.

"உங்க மாஸ்டர் தலைப்ப மாத்தி எழுதிட்டாருடி."

"இல்ல அத்தை, அளவு கம்மி. ஆனா இதான்."

"ஒம்பது வாரமா கீரை கீரைன்னு உயிர எடுத்தாரு. வெள்ளைச் சோத்த பாத்தாலே பாவங்கற மாதிரி பேசினாரு. இப்ப அதே சோறா?"

"எனக்கும் புரியல. கேட்டேன். குடல காலி பண்ணனும்னார். அதுக்குள்ள யாரோ போன் பண்ணாங்க, பேசிக்கிட்டே போயிட்டார்."

"குடல காலி பண்றதுக்குத் தானே உங்க மாமா முப்பது வருஷமா பவுடர் குடிக்கறார்?"

வீட்டுக்காரர் பேப்பர்லேர்ந்து தலையத் தூக்கினார். "அதானே!"

எலி ஒரு நிமிஷம் யோசிச்சா. "எனக்குத் தலைய சுத்துது அத்தை. மாஸ்டர் சொன்னத செஞ்சிட்டுப் போவோம்."

ஆனா எனக்கு மனசு ஒப்பல. எங்க வேலைல சீட்டு மாறிப் போறது தினப்படி நடக்கறது. பார எடைச் சீட்டுல காலி எடைய எழுதிடுவாங்க, காலி எடைச் சீட்டுல பாரத்த எழுதிடுவாங்க, பாத்த உடனே தெரிஞ்சிடும், நானே அடிச்சுத் திருத்தி அனுப்பிடுவேன். யாரையும் கூப்பிட்டுக் கேக்கறதில்ல. கேட்டா வரிசை நின்னு போயிடும். அதே பழக்கத்துல மாஸ்டரோட பேப்பரையும் மனசுக்குள்ள திருத்திட்டேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். போட்டேன், ஆனா டப்பாக்காரருக்கு.

"நிறுத்தாதீங்க அக்கா!" அவர் பதறினார். "நிறுத்தினா எல்லாம் கட்டிக்கும். முடிஞ்சா ஒரு ஸ்பூன் கூட்டுங்க."

செவ்வாய்க்கிழமை சாயந்தரம் வந்து பாக்கறேன், எலி சமையக்கட்டுத் தரையில உக்காந்து அழுதுக்கிட்டிருக்கா. குஸ்தில விரல் பிசகினப்ப கூட அழாதவ.

"வெறும் சோறு நாலு வாய்ல முடிஞ்சிடுது அத்தை. வயிறுன்னு ஒண்ணு இருக்கறதே தெரியல. முன்ன பவுடராவது இருந்துச்சு, ஏதோ நிறைஞ்ச மாதிரி இருக்கும்."

அவ்வளவுதான். அன்னைக்கு உருளைக்கிழங்கு சூப் வச்சேன், பேப்பர்ல இருக்கற கிழங்கு தான். இறக்கி வச்சு, டப்பாவ எடுத்து, ரெண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கினேன்.

"சூப் என்ன இவ்வளவு கொழகொழன்னு இருக்கு?"

"கிழங்கு அப்படி."

குடிச்சா. மூஞ்சி தெளிஞ்சுது. "நல்லாருக்கு அத்தை. வயிறு நிறைஞ்சிடுச்சு"ன்னா. எனக்கு என்ன ஒரு திருப்தி! மறுநாள் காலைலயும் வச்சேன்.

புதன்கிழமை எடை ஐம்பத்திநாலரை. திங்கக்கிழமைய விட இருநூறு கிராம் கூட.

எலி தராசுலேர்ந்து இறங்கி மறுபடியும் ஏறினா. தராச வேற இடத்துல வச்சு ஏறினா. ஒத்தக் கால்ல நின்னா. கம்மலக் கழட்டி வச்சுட்டு நின்னா. அதே தான். பயிற்சிக்கூடத்துத் தராசும் அதையே சொல்லியிருக்கு. மாஸ்டர் எல்லார் முன்னாடியும், "இந்நேரம் நீ ஐம்பத்திமூணே முக்கால் இருக்கணும். வீட்டுல திருட்டுத் தீனியா?"ன்னு கேட்டிருக்கார்.

"சத்தியமா இல்ல மாஸ்டர்னேன். அவர் நம்பல அத்தை. நானா இருந்தாலும் நம்ப மாட்டேன்."

சொன்னா எல்லாரும் சிரிப்பீங்க, அப்பவும் எனக்குப் பவுடர் மேல சந்தேகமே வரல. ஒம்பது வாரமா எடைய இறக்கின கை அது. போட்ட அளவு பத்தல போலன்னு தான் தோணுச்சு. புதன்கிழமை சாயந்தரம் மூணு ஸ்பூன் போட்டேன்.

அன்னைக்குப் படுக்கப் போறதுக்கு முன்னாடி எலி என் தையல் பெட்டியிலேர்ந்து கறுப்பு நூல் எடுத்தா. ஃபிரிட்ஜ் கைப்பிடில கட்டினா. பிஸ்கட் வைக்கற அலமாரிக்கும் கட்டினா.

"என்னடி பண்ற?"

"தூக்கத்துல எழுந்து சாப்பிடறேனோன்னு சந்தேகமா இருக்கு. சில பேர் அப்படி பண்ணுவாங்களாம். நூல் அறுந்திருந்தா தெரிஞ்சிடும்."

வியாழக்கிழமை காலைல நூல் ரெண்டும் அப்படியே இருந்துச்சு. எடை ஐம்பத்திநாலு புள்ளி ஆறு. அவ அந்த நூல விரலால தடவிப் பாத்துக்கிட்டு நின்னத நான் பாத்தேன். அறுந்திருந்தா கூட கொஞ்சம் நிம்மதியா இருந்திருப்பா போல. நான் அடுப்புல சூப்பக் கிண்டிக்கிட்டிருந்தேன்.

அன்னைக்கு அவ தண்ணி குடிக்கறத நிறுத்திட்டா. என்கிட்ட சொல்லல. மத்தியானம் நல்ல வெயில்ல ரெயின்கோட்டப் போட்டுக்கிட்டு ஓடப் போயிருக்கா. திரும்பி வர்றப்ப எங்க மாடிப்படில கண்ணு இருட்டி உக்காந்துட்டா. நல்லவேளை வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிஞ்சு பின்னாடியே ஏறி வந்தவர், தாங்கிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தார். நான் வேலை முடிஞ்சு வந்தப்ப சோபால படுத்திருக்கா. உதடு வெடிச்சிருக்கு. வயிறு மட்டும் உப்பி, தொட்டா கல்லு மாதிரி இருக்கு.

"மூணு நாளா போகல அத்தை"ன்னா.

பதட்டத்துல என்ன பண்ணினேன்? வழக்கம் போல சூப்ப சுட வச்சுக் குடுத்தேன்.

அப்பதான் வீட்டுக்காரர் குளியலறைலேர்ந்து டப்பாவும் கையுமா வந்தார்.

"ஒண்ணு கேக்கணும். யாரும் கோவிச்சுக்கக் கூடாது. என் பவுடர யார் எடுக்கறது? போன வாரம் பிரிச்சது, பாதிக்குக் கீழ போயிடுச்சு."

"நான் திங்கக்கிழமையே நிறுத்திட்டேன் மாமா."

"அப்ப யாரு? உங்க அத்தைக்கு அந்தக் கவலையே கிடையாது. இரும்பக் குடுத்தாலும் செரிக்கும்."

எலி கிண்ணத்தப் பாத்தா. ஸ்பூன்ல சூப்ப அள்ளிக் கவுத்தா. அது சொட்டல, ஒரே கட்டியா மெதுவா வழுக்கிக்கிட்டு இறங்குச்சு.

"அத்தை?"

"ரெண்டு ஸ்பூன் தான்டி."

"எத்தனை வேளை?"

"காலைல, சாயந்தரம்."

"எப்பலேர்ந்து?"

"செவ்வாய்." அதோட விட்டிருக்கலாம், வாய் நிக்கல. "நேத்து சாயந்தரம் மூணு."

கத்துவான்னு பாத்தேன். கத்தல. கிண்ணத்தக் கீழ வச்சா.

"நான் நூல் கட்டினேன் அத்தை. நான் கட்டறப்ப நீங்க பக்கத்துல நின்னு பாத்தீங்க."

அவ்வளவுதான் சொன்னா. எனக்கு அந்தக் கிண்ணத்த எடுத்து என் தலையிலயே கவுத்துக்கலாம் போல இருந்துச்சு.

செருப்ப மாட்டிக்கிட்டு நேரா பயிற்சிக்கூடத்துக்குப் போனேன். மாஸ்டர் குஸ்தி விரிப்பத் துடைச்சுக்கிட்டிருந்தார். மயக்கம் வந்ததுலேர்ந்து மூணு ஸ்பூன் வரைக்கும் எல்லாத்தையும் கொட்டினேன். நீங்க தலைப்ப மாத்தி எழுதிட்டீங்கன்னு நினைச்சேன்னும் சொன்னேன். அவர் துடைக்கற துணியத் தலைல போட்டுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டார்.

"அம்மா, முன்ன எனக்கு அவ பசி அடங்கணும். அதுக்குப் பவுடர். இப்ப கடைசி அஞ்சு நாள் அவ குடல்ல எதுவும் தங்கக்கூடாது. அதுக்குச் சக்கை இல்லாத சாப்பாடு."

"காலி பண்றதுக்குத் தானே பவுடர்? எங்க வீட்டுக்காரர்..."

"காலி பண்ணும். ஆனா அடுத்த லோட ஏத்திக்கிட்டே தான் காலி பண்ணும். கூடவே தன் எடைய விடப் பல மடங்கு தண்ணியப் பிடிச்சு உள்ள வச்சுக்கும். ஐம்பத்தேழுலேர்ந்து இறங்கறப்ப அது கணக்குல வராது. கடைசி ஒரு கிலோல அதான் கணக்கே."

"அப்ப அது கொழுப்பு இல்லையா?"

"துளி கொழுப்பு ஏறல. உடம்பு இறங்கிடுச்சு. ஏறி நிக்கறது சரக்கு."

சரக்கு. இருபத்திரண்டு வருஷமா காலி எடையும் பார எடையும் பாத்துப் பாத்து உக்காந்திருக்கறவ நான். அந்த மனுஷன் அந்த வார்த்தைய சொல்றவரைக்கும் எனக்கு உறைக்கல. வெக்கமா இருந்துச்சு. அப்பவும் பாதி தான் புரிஞ்சுது, அதையும் சொல்லிடறேன்.

ஏன்னா அடுத்து அவர் சொன்னது, "முதல்ல அவளத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க."

"மாஸ்டர், ஒண்ணரை கிலோ குறையணும். தண்ணி குடிச்சா கூடாதா?"

"கூடும். குடிக்கலன்னா உள்ள இருக்கறது சிமென்ட் மாதிரி உக்காந்துடும். அப்புறம் எடைய விடுங்க, ஆஸ்பத்திரி தான். ரெயின்கோட்ட எரிச்சிடுங்க. மயக்கம் போட்ட பொண்ண நான் விரிப்புல ஏத்த மாட்டேன், செலக்‌ஷன் போனாலும் போகட்டும்." அதுக்கப்புறம் அவரே போன எடுத்து எலிகிட்ட ரொம்ப நேரம் பேசினார். திருட்டுத் தீனின்னு சொன்னதுக்கு மன்னிப்பும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலைல தராசு ஐம்பத்திநாலு புள்ளி ஒம்பதுன்னுச்சு. மூணு வாரத்துக்கு முந்தி இருந்த எடைக்கே திரும்பிப் போயிட்டோம்.

வீட்டுக்காரர் லீவு போட்டுட்டார். "இந்த ஒரு பாடத்துல நான் தான் ப்ரொஃபசர்"னு சட்டைக் கைய மடிச்சு விட்டுக்கிட்டார். வெதுவெதுன்னு தண்ணி, அப்புறம் வீட்டுக்குள்ளயே நடை, அப்புறம் குந்தி உக்காரு, மறுபடியும் நடை. எலி முன்னாடி நடக்க, இவர் பின்னாடியே கைய ஆட்டிக்கிட்டு நடக்கறார்.

"அவசரப்படாத எலி. மிரட்டினா வராது. வேற எதையாவது நினை."

"நீங்க பின்னாடியே வந்தா எதை மாமா நினைக்கறது?"

என்னைய சமையக்கட்டுக்குள்ள விடல. அவளே சோறு வச்சா, அவளே முட்டை அவிச்சா. உப்பு டப்பாவ எடுத்துக் குடுக்கலாம்னு கால் வச்சேன். "நீங்க வெளியவே நில்லுங்க அத்தை"ன்னா. கோவமா சொல்லல, டிரைவர்ட்ட நான் கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்கன்னு சொல்றாப்ல சொன்னா. நின்னேன்.

பன்னெண்டு மணி வாக்குல உள்ள போனவ அரை மணி கழிச்சு வந்தா. வீட்டுக்காரர் கதவுக்கு வெளியவே காத்துக்கிட்டிருந்தவர், அவ மூஞ்சியப் பாத்து, "ஆச்சா?"ன்னார். அவ தலையாட்டினா. இந்த மனுஷன் கை தட்டிட்டார். பக்கத்து வீட்டம்மா ஜன்னல் வழியா என்ன விசேஷம்னு கேட்டாங்க. என்னன்னு சொல்ல?

தராசு ஐம்பத்திநாலு புள்ளி ஒண்ணு. சாயந்தரம் இன்னொரு தடவ போனா, ஐம்பத்திமூணு புள்ளி ஏழு. மத்தியானத்துக்கு மேல தண்ணிய வாய் நனையற அளவுக்குக் குறைக்கச் சொன்னார் மாஸ்டர். நேத்து குடின்னார், இன்னைக்குக் குறைன்னார். இந்தத் தடவ நான் எதையும் திருத்தல. அவர் சொன்னது சொன்னபடியே நடந்துச்சு.

சனிக்கிழமை காலைல வீட்டுத் தராசுல ஐம்பத்திமூணு புள்ளி ரெண்டு.

செலக்‌ஷன் நடந்த அரங்கத்துல எடை போடற அறைக்குள்ள எங்கள விடல. வெளிய நீள வராந்தா, சுவரோரமா பொண்ணுங்க வரிசை. எல்லாரும் ஸ்வெட்டருக்குள்ள ஒடுங்கிக்கிட்டு, யாரும் யார்கூடயும் பேசல. ஏழு அஞ்சுக்கு எலி உள்ள போனா. உடனே வெளிய வந்தா.

"நூத்தைம்பது கிராம் கூட."

மாஸ்டர் கடிகாரத்தப் பாத்தார். "இருபத்திமூணு நிமிஷம் இருக்கு. ஓட வேண்டாம். பாத்ரூம் போ. அத்தை கூட போகட்டும்."

என்னைய ஏன் அனுப்பினாரோ தெரியல, பெண்கள் பாத்ரூம்ங்கறதால இருக்கும். கடைசிக் கதவுக்குள்ள அவ, வெளிய நான். குழாய் ஒண்ணு சரியா மூடாம ஒழுகிக்கிட்டிருந்துச்சு, அத இறுக்கினேன். என்ன பண்றதுன்னு தெரியாம கண்ணாடியத் துடைச்சேன்.

"அத்தை."

"இருக்கேன்டி."

"ஏன் என்கிட்ட கேக்கல?"

"எதை?"

"போடட்டுமான்னு. சூப்புல."

பதில் நிறைய யோசிச்சு வச்சிருந்தேன் ரெண்டு நாளா. வாய்ல வந்தது இதான். "கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்ப."

"அதான் அத்தை, வேண்டாம்னு சொல்லியிருப்பேன்"னா.

"நீ தரையில உக்காந்து அழுதியே."

"பசிச்சுது, அழுதேன். பசிச்சா அழறது தான். அழுதுட்டு எழுந்திருப்பேன். இப்ப பேசாதீங்க. மாமா சொன்ன மாதிரி வேற எதையாவது நினைக்கணும்."

நான் வாய மூடிக்கிட்டேன். வெளிய யாரோ விசில் ஊதினாங்க. ஏழு இருபது. ஏழு இருபத்திரண்டு. கதவத் தட்டக்கூடாதுன்னு ரெண்டு கையையும் அக்குளுக்குள்ள வச்சுக்கிட்டேன்.

ஏழு இருபத்தஞ்சுக்கு அவ வந்தா. என்னப் பாக்காம கைய கழுவிட்டு ஓடினா. நான் பின்னாடி ஓடினேன், முட்டி வலிய மறந்துட்டு. அறைக் கதவு மூடிடுச்சு. மாஸ்டர் சுவரப் பாத்து நின்னுக்கிட்டிருந்தார். நானும் அந்த சுவரையே பாத்தேன், அதுல பாக்க ஒண்ணும் இல்ல.

கதவு திறந்துச்சு. எலி கைய மட்டும் நீட்டினா. புறங்கைல மார்க்கர்ல எழுதியிருந்தாங்க. 52.95.

மாஸ்டர் மூச்ச விட்டார். நான் பக்கத்துல இருந்த பெஞ்சுல உக்காந்துட்டேன். ஒரு கீரை மசியலாலயும் ஒரு வெள்ளைச் சோத்தாலயும் ஒரே எடை எப்படி இறங்குச்சு, இறக்கின பவுடரே எப்படி ஏத்துச்சு, குடிக்கச் சொன்ன தண்ணி எங்க போச்சு, கேட்டா சொல்லத் தெரியாது. நம்பர் மட்டும் தெரியும்.

அன்னைக்கு அவ ரெண்டு குஸ்தி ஜெயிச்சு மூணாவதுல தோத்தா. மூணாவது இடம். அணியோட பயிற்சி முகாமுக்குக் கூப்பிடுவாங்களா மாட்டாங்களான்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அது இன்னும் தெரியல. எனக்கு மனசுல நிக்கறது அதுக்கு முந்தி, எடை முடிஞ்ச கையோட அந்த பெஞ்சுல நடந்தது தான்.

மாஸ்டர் அவளுக்கு உப்பும் சக்கரையும் கரைச்ச தண்ணி குடுத்தார், வாய் வாயா குடின்னார். சோறு ஒரு டப்பால இருந்துச்சு, அவளே கட்டிட்டு வந்தது. முட்டைய மட்டும் காலைல அவசரத்துல அவ மறந்துட்டா, நான் அவிச்சு என் பையில போட்டு எடுத்துட்டு வந்திருந்தேன். எடுத்து ஓட்ட உரிச்சு நீட்டினேன். நீட்டினதுக்கப்புறம் தான் நீட்டலாமான்னு தோணுச்சு.

எலி அதக் கைல வாங்கினா. திருப்பித் திருப்பிப் பாத்தா. ரெண்டா உடைச்சா. மஞ்சக்கருவ விரலால கிளறி, உள்ள உத்துப் பாத்தா.

"முட்டைக்குள்ள எப்படிடி போடுவேன்?"

"உங்கள சொல்ல முடியாது அத்தை."

சிரிச்சுக்கிட்டு சொன்னாளா, நிஜமாவே சொன்னாளான்னு எனக்குத் தெரியல. மூஞ்சி ரெண்டுக்கும் நடுவுல இருந்துச்சு. மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டார். அவ ஒரு பாதிய வாய்ல போட்டு மென்னா, இன்னொரு பாதியையும் போட்டா. என்னப் பாக்கல. உள்ளங்கைய மட்டும் என் பக்கம் நீட்டினா.

"இன்னொண்ணு இருக்கா?"

இருந்துச்சு. உரிச்சுக் குடுத்தேன். அதையும் உடைச்சுப் பாத்துட்டுத் தான் சாப்பிட்டா.